ஓம், சரியான நோ

மகேந்திரராசாவுக்குக் குடும்ப வைத்தியர் இல்லை. கியூபெக்கில் இதை ஒரு குறை என்று சொல்லக்கூடாது, இது ஒரு குடியுரிமை வகை. அரசாங்கத்தின் காத்திருப்புப் பட்டியலில் அவர் பெயர் பதிந்தபோது மகள் நிருஷா கார்தறியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், களிமண் உருட்டிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் கார் ஓட்டுகிறாள். பட்டியல்தான் ஓடவில்லை.

அவர் வேலை செய்வது சென்ட் லோரன்டில், மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில். இருதய வருத்தக்காரருக்கான குளிசைகளும் அவர் கையால்தான் போகின்றன. ஆனால் தன் நெஞ்சுக்கு ஒன்று வேண்டுமென்றால் மருந்துத் துண்டு எழுதித்தர ஒரு வைத்தியர் வேண்டும். இலையுதிர்காலத்தில் மெத்ரோப் படிகளில் ஏறும்போது நெஞ்சை யாரோ உள்ளே இருந்து பிசைவதுபோல் வரத் தொடங்கியது. நின்றால் போகும், நடந்தால் வரும். ஒருநாள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். பின்னேரமளவில் அந்த நோவே அலுத்துப்போய் எழுந்து போய்விட்டது. அவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த நிலையில்தான் தொலைபேசி வந்தது. ஒரு பெண்குரல் பிரெஞ்சில் கேட்டது: "மிஸ்யூ, வூஸெத் பசியான்?"

பசியான் என்றால் பிரெஞ்சில் நோயாளி. பொறுமைசாலி என்றாலும் அதே சொல்தான். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்த முன்னோர்கள் இந்த மாகாணத்தின் மருத்துவத்துறையை அன்றே கண்டிருக்கிறார்கள்.

குசினிக்குள் இருந்து மனைவி ஜெகதீஸ்வரி எட்டிப் பார்த்தார். "ஆரப்பா அது? பசிக்குதோ எண்டு கேக்கினமோ?"

"இல்லையப்பா. நான் வருத்தக்காரனோ எண்டு கேக்கினம்."

"ஓம் எண்டு சொல்லுங்கோ! வைக்கப் போகினம், கெதியாச் சொல்லுங்கோ!"

அவர் சொன்னார். தமிழ் நோயாளி ஒருவர் தேவை, லொங்குய்ய்க்கு வரவேண்டும், அங்கே வைத்தியர்கள் இருப்பார்கள் என்றது குரல். ஒருவர் அல்ல, எட்டுப் பேர். ஜெகதீஸ்வரி பிள்ளையார் படத்துக்கு முன்னால் போய் நின்று, "என்ர அப்பனே, இப்பவாவது கண் திறந்தியே" என்று விளக்கேற்றினார். பிள்ளையாருக்கும் அந்த நிலையத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

நிலையத்தின் பெயர் மருத்துவக் கணினிப் பாடப்பொருள் மதிப்பீட்டு உயர்நிலையம். மஞ்சள் வழி மெத்ரோ ஆற்றுக்குக் கீழால் போய் லொங்குய்ய்யில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கட்டடம். மகேந்திரராசா சலவை செய்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நீண்ட மேசையைச் சுற்றி எட்டு வைத்தியர்கள் இருந்தார்கள். ஒருவரைக் காண இத்தனை வருடம் தவம் கிடந்த மனிதருக்கு ஒரே அறையில் எட்டுப் பேர் தரிசனம் தந்தால் எப்படி இருக்கும்? வணக்கம் சொல்லிவிட்டு, அவர்களுடைய நேரத்தை வீணாக்கக்கூடாதே என்று நின்ற நிலையிலேயே சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

நிலையத்தின் இயக்குநர் டொக்டர் போலியூ எழுந்தார். பெயரை நான் வைக்கவில்லை. அது இந்த ஊரில் உள்ள பெயர், பிரெஞ்சில் அழகான இடம் என்று பொருள். அவர் சொன்னதை அதே விறைப்போடு தமிழில் தருகிறேன்.

"மிஸ்யூ, தயவுசெய்து சட்டையைப் பூட்டுங்கள். இங்கே யாரும் யாரையும் பரிசோதிப்பதில்லை. நாங்கள் வைத்தியர்கள்தான், ஆனால் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டோம். நான் கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்டது மின்தூக்கியில், அதுவும் தவறுதலாக. அதற்காக உடனே மன்னிப்புக் கேட்டேன். நாங்கள் செய்வது அதைவிட உயர்ந்த பணி. வைத்தியம் பார்க்கப் போகிறவர்களுக்குக் கற்பிக்கிறவர்கள் பயன்படுத்தும் கணினிப் பாடங்களை நாங்கள் மதிப்பிடுகிறோம். நீங்கள் நோயாளி அல்ல. நோயாளிப் பங்காளி."

பங்காளி என்றதும் மகேந்திரராசாவுக்கு ஊரில் கிணற்றுப் பங்குக்காக நடந்த வழக்குத்தான் நினைவுக்கு வந்தது. ஆனாலும் சட்டையைப் பூட்டிக்கொண்டு இருந்தார். பெரிய இடங்களில் முதலில் கதைப்பார்கள், பேந்துதான் பார்ப்பார்கள் என்று நினைத்தார்.

மதிப்பிட இருந்த பாடத்தின் பெயர் எம்பாத்தியா. திரையில் ஓர் இளம் பெண் வைத்தியர் தோன்றுவார். நோயாளியோடு அன்பாகப் பேசுவது எப்படி, அவர் சொல்வதைக் குறிப்பெடுப்பது எப்படி என்று மாணவர்கள் இவரைப் பார்த்துக் கற்கவேண்டும். தமிழ் என்று தெரிவுசெய்தால் அம்மையாரின் நெற்றியில் பொட்டு வரும். கிரேக்கம் என்றால் பொட்டு மறையும். மற்றப்படி முகம் அதேதான். இதற்குப் பண்பாட்டுத் தகவமைப்பு என்று பெயர். இதற்கென்று ஓர் உபகுழு கூடிக் கலைந்திருக்கிறது.

இந்த எம்பாத்தியாவுக்குத் தமிழை ஊட்டியவள் ஹர்ஷினி. சென்னையிலிருந்து வந்து இன்னும் ஒரு பனிக்காலத்தை முழுதாகக் காணாத பொறியியல் பெண். அந்த அறையில் தமிழ் தெரிந்த இன்னொரு ஆள் அவள் மட்டும்தான்.

"அங்கிள், ரிலாக்ஸா உக்காருங்க. ஸ்கிரீன்ல அந்த டாக்டர் கேப்பாங்க. நீங்க வீட்ல பேசற மாதிரியே பதில் சொல்லுங்க, போதும்."

அவரும் வீட்டில் பேசுவது மாதிரியே சொன்னார். அதுதான் வினை.

"வணக்கம். தங்களுக்கு மார்பு வலி உள்ளதா?" என்று கேட்டார் எம்பாத்தியா.

"ஓம், நோ."

"சற்று விளக்கமாகக் கூற இயலுமா?"

"சரியான நோ."

எம்பாத்தியா தலையை ஒருபக்கம் சாய்த்துப் புன்னகைத்தார். மணிச்சத்தம் ஒன்று கேட்டது, பச்சை விளக்கு எரிந்தது. குழுவின் பக்கம் திரும்பியிருந்த பெரிய திரையில் குறிப்பு வந்தது: நோயாளி முதலில் பிரார்த்தனை செய்தார். பின்னர் வலி இல்லை என ஆங்கிலத்தில் கூறினார். அதுவே சரியான விடை என உறுதிப்படுத்தினார்.

யாழ்ப்பாணத்தார் ஆமென்பதற்கு ஓம் என்பார்கள், வலிக்கு நோ என்பார்கள், கடுமையான எதற்கும் சரியான என்பார்கள். இந்த ஊரில் தமிழ்க் கடைக்குள் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் எட்டு வைத்தியருக்கும் இது தெரிந்திருக்கும். ஆனால் கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம். அந்தத் திரையை மகேந்திரராசாவுக்குக் காட்டவும் இல்லை. தன் வருத்தத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் நோயாளியின் பதில்கள் கெட்டுவிடும் என்பது விதி.

எட்டுப் பேரும் கைதட்டினார்கள். வலியைப் பற்றிக் கேட்டதும் ஒருவர் கடவுளை நினைத்ததையும், எந்திரம் அதைப் புரிந்துகொண்டதையும் பார்த்து ஒருவருக்குக் கண்கூடக் கலங்கியது.

"பிள்ளை, என்னவாம்? எழுதியாச்சோ?"

"எழுதியாச்சு அங்கிள். நீங்க நோன்னு சொன்னதை அப்படியே புடிச்சிடுச்சு."

"சரியான நோ எண்டும் சொன்னனான்."

"அதுவும் இருக்கு அங்கிள். எல்லாம் கரெக்டா இருக்கு."

இருந்தாலும் ஒரு மன ஆறுதலுக்காக மகேந்திரராசா போலியூவிடம் நேராகப் போய், நெஞ்சில் கையை வைத்து, தொழிற்சாலைப் பிரெஞ்சில் "டொக்தர், ஜே மால் இசி" என்றார். இங்கே நோகிறது என்று இதைவிடத் தெளிவாக மொலியேரின் மொழியில் யாரும் சொல்ல முடியாது.

"பாருங்கள், என்ன இயல்பு!" என்றார் போலியூ மற்றவர்களைப் பார்த்து. "ஆனால் மிஸ்யூ, பாடம் முடிந்துவிட்டது. இனி நடிக்கத் தேவையில்லை."

வீட்டுக்கு வந்ததும் ஜெகதீஸ்வரி கதவிலேயே கேட்டார். "பாத்தவையோ? மருந்து தந்தவையோ?"

"துணிப்பை ஒண்டு தந்தவை."

"மருந்து பைக்குள்ளயோ?"

"பை மட்டும்தான். மருந்து அடுத்தமுறை தருவினம்போல. எட்டுப் பேரும் கைதட்டினவை அப்பா. என்ர நோ அவைக்கு நல்லா விளங்கியிட்டுது."

பனி கொட்டத் தொடங்கிய பிறகும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். காரணம் மடாம் றோசலின். அவர் மதிப்பீட்டை மதிப்பிடும் பிரிவின் தலைவி. ஒரு மதிப்பீடு நல்ல மதிப்பீடா என்று அறிய அதைத் திரும்பத் திரும்பச் செய்துபார்க்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. தேநீர் இடைவேளையில் மகேந்திரராசா, இதனால் மாணவர்கள் ஏதும் படிக்கிறார்களா என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டார். மடாம் சிரித்தார்.

"அதை நாங்கள் அளப்பதே இல்லை, மிஸ்யூ. கற்றல் மனிதருக்கு உள்ளே நடப்பது. உள்ளே நடப்பதை அளப்பது அந்தரங்கத்தில் கைவைப்பது. மாணவர் பொத்தானை அழுத்தினாரா, அழுத்தும்போது முகம் சுளித்தாரா, இவ்வளவும்தான் அறிவியல். சென்ற ஆண்டு ஒரு பாடத்தில் ஈரல் இடப்பக்கம் இருந்தது. மாணவர் திருப்தி மிக உயர்வு. யாரோ ஒரு முரட்டு அறுவைச் சிகிச்சை நிபுணர் கடிதம் போட்டார் என்று வலப்பக்கம் மாற்றினோம். திருப்தி சரிந்துவிட்டது. உடனே திருப்பி இடப்பக்கமே வைத்துவிட்டோம். ஆதாரம் எங்கே அழைக்கிறதோ அங்கே போகிற துணிச்சல் வேண்டும்."

மகேந்திரராசா தன் வலது விலாவை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஒவ்வொரு முறையும் எம்பாத்தியா அதே கேள்வியைக் கேட்டார். ஒவ்வொரு முறையும் நோ கூடிக்கொண்டு வந்தது. மார்கழியில் "நல்ல நோ" என்றார். தையில் "பொல்லாத நோ" என்றார். மெத்ரோவிலிருந்து நிலையம் வரைக்கும் வருவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கவேண்டியிருந்த ஒருநாள், மேசையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, நோ! நோ! நோ!" என்றே கத்திவிட்டார். குழுவின் திரையில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது. நோயாளிக்கு வலி இல்லை என்பதில் எம்பாத்தியாவுக்குள்ள நம்பிக்கையைக் காட்டும் கோடு அது. அவருடைய நோ ஏற ஏறக் கோடும் ஏறியது. அன்றைக்கு அது உச்சியைத் தொட்டபோது போலியூ கேக் வெட்டினார். அதற்குள் இன்னொரு வழக்கமும் ஊறிவிட்டது. மகேந்திரராசா ஓம் என்று வாய்திறந்தால் எட்டு வைத்தியரும் எழுந்து தலைகுனிந்து நிற்பார்கள். அவர் பாவம், தனக்கு மரியாதை தருகிறார்கள் என்று தானும் எழுந்து நிற்பார். எழுந்து நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அந்த எட்டுப் பேரின் முதுகிலும் ஒவ்வொரு அகப்பையடி போடவேண்டும் போலிருக்கிறது.

மாசியில், சான்றிதழ் வழங்குவதற்கு முந்திய கடைசி அமர்வு. கேள்வி தொடங்க முன்னமே அவர் முகம் வெளிறி வேர்த்துக் கொட்டியது. ஹர்ஷினி தண்ணீர் கொண்டு வந்தாள்.

"அங்கிள், என்னாச்சு? இப்படி வேர்க்குது?"

"பிள்ளை, நோ தாங்கேலாமக் கிடக்கு."

"நோவைத் தாங்கணுமா? என்ன சொல்றீங்க அங்கிள்?"

"தலைநோ எண்டால் தாங்கலாம், பல்லுநோ எண்டாலும் தாங்கலாம். இது நெஞ்சுநோ பிள்ளை. கைக்குள்ளயும் இறங்குது."

அந்தப் பெண் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். தலைநோ, பல்லுநோ, நோவு, நோய் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பனிக்காலம் முழுக்கக் கேட்டதெல்லாம் அவள் காதில் திரும்ப ஓடியிருக்க வேண்டும்.

"ஐயோ கடவுளே," என்றாள். "நோன்னா வலியா?"

அவள் குழு அறைக்குள் ஓடினாள். நோ என்றால் இல்லை அல்ல, வலி என்றாள். ஓம் என்பது பிரார்த்தனை அல்ல என்றாள். எல்லாம் தலைகீழ், என் தப்பு, அந்த மனிதரை உடனே பாருங்கள் என்று அழுதாள். எட்டுப் பேரும் அமைதியாகக் கேட்டார்கள். மடாம் றோசலின்தான் முதலில் பேசினார்.

"மதிப்பீட்டுக் காலத்தில் பொருளைத் திருத்தினால் அது வேறு பொருள் ஆகிவிடும். பிறகு இத்தனை மாத மதிப்பீடும் எதை மதிப்பிட்டது? ஒரு சொல்லுக்காக ஒரு துறையையே கவிழ்க்கப் பார்க்கிறீர்கள். தவிர, முதல் தொகுதி மாணவர்கள் இதைப் படித்து முடித்துவிட்டார்கள். அவர்கள் மிகவும் திருப்தியாக இருக்கிறார்கள்."

"மேடம், அவருக்கு இப்ப வலிக்குது. இந்த நிமிஷம்!"

போலியூ கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கதிரையில் சரிந்து கிடந்தவரைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "எம்பாத்தியா அப்படிச் சொல்லவில்லையே" என்றார்.

"நீங்க டாக்டர்தானே? போய்த் தொட்டுப் பாருங்க!"

"மத்மசேல், நோயாளிப் பங்காளியும் பாடப்பொருளின் ஒரு பகுதி. மதிப்பீட்டாளர் பாடப்பொருளைத் தொட்டால் பக்கச்சார்பு வந்துவிடும். நீங்கள் வேண்டுமானால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். அவர்களுக்கு இப்படிக் கட்டுப்பாடுகள் இல்லை."

அவள் கூப்பிட்டாள். தூக்குப் படுக்கையில் கிடத்திக் கொண்டு போகும்போது வாசலில் மடாம் றோசலின் ஒரு சிறிய திரையை நீட்டினார். இன்றைய அமர்வு எப்படி இருந்தது என்று சிரித்த முகம், சும்மா முகம், அழுத முகம் மூன்றும் அதில் இருந்தன. மகேந்திரராசாவின் கை தொங்கி விழுந்தபோது விரல் சிரித்த முகத்தில் பட்டது. மணி அடித்தது.

ஆம்புலன்சைவிட வேகமாக ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது. உயர்நிலையம் கணினி வழியே அனுப்பிய எம்பாத்தியாவின் குறிப்பு. வலி இல்லை, நெடுங்காலமாக உறுதி, பக்திமான் என்று அது சொல்லியதால், அவரை நடைபாதைச் சுவரோரமாக நிறுத்திவிட்டுப் போனார்கள். ஆம்புலன்சில் கூட வந்த ஹர்ஷினியை, உறவினர் அல்ல என்று வாசலிலேயே மறித்துவிட்டார்கள். செய்தி கேட்டு ஓடிவந்து தலைமாட்டில் நின்ற ஜெகதீஸ்வரி, போகிற வருகிற எல்லாரையும் மறித்து, "இவருக்கு நோ! நோ!" என்று சொன்னார். நோ என்கிறாரே, தொந்தரவு வேண்டாம் போலிருக்கிறது என்று எல்லாரும் விலகிப் போனார்கள்.

கடைசியாக ஒரு மருத்துவ மாணவி வந்தாள். சட்டையில் ஜெசிக்கா என்று பெயர். தமிழ் நோயாளி என்று கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு கைகளையும் கூப்பி, தலையை ஒருபக்கம் சாய்த்து, பாடமாக்கிய தமிழில் கேட்டாள்:

"வணக்கம். தங்களுக்கு மார்பு வலி உள்ளதா?"

"ஓம்..."

ஜெசிக்கா கண்ணை மூடினாள். பிரார்த்தனை முடியட்டும் என்று காத்திருந்தாள்.

"நோ பிள்ளை... சரியான நோ..."

அவள் கண் திறந்து, நிம்மதியாகப் புன்னகைத்து, எழுதப் பேனாவை எடுத்தாள்.

ஒரு பனிக்காலம் முழுக்க அந்தச் சாய்ந்த தலையையும் அந்தப் புன்னகையையும் பார்த்த மனிதர் மகேந்திரராசா. ஹர்ஷினி ஆம்புலன்சுக்குள் ஏறியிருந்து அழுதழுது சொன்னதும் அவர் காதில் கிடந்தது. தன் உயிர் இப்போது எந்தத் தமிழில் தொங்குகிறது என்று அவருக்குப் பளிச்சென்று விளங்கியது. தொலைக்காட்சி நாடகத்தில் சென்னைத் தமிழ் வந்தால் சத்தத்தைக் குறைக்கிற ஆள் அவர். ஜெகதீஸ்வரியின் கையை இறுக்கிப் பிடித்து, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, சொன்னார்:

"ஆமாம்மா. வலிக்குது. ரொம்ப வலிக்குது."

ஜெசிக்காவின் பேனா விழுந்தது. வலி என்ற சொல் அவளுக்குத் தெரியும், பரீட்சையில் வந்தது. அவள் போட்ட கூச்சலில் நடைபாதையே ஓடி வந்தது. படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகும்போது பின்னால் ஓடிய ஜெகதீஸ்வரி, "என்னப்பா இது? ஏன் வேற ஆரோ மாதிரிக் கதைக்கிறியள்?" என்று அழுதார். அவர் பிழைத்தார். அடைத்துக் கிடந்த குழாயைத் திறந்து ஒரு சிறிய வலைக்கம்பியை வைத்தார்கள். உயர்நிலையம் இதைத் தன் அறிக்கையில் பெருமையாகச் சேர்த்துக்கொண்டது. எம்பாத்தியாவால் ஒருவர் உண்மையாகவே ஒன்றைக் கற்றுக்கொண்டார் என்பதற்குக் கிடைத்த முதல் ஆதாரம் அது. கற்றவர் மாணவர் அல்ல, நோயாளி என்பது அடிக்குறிப்பில் வந்தது.

பனி கரைந்த பிறகு சான்றிதழ் விழா. பிழை ஒன்றும் நடக்கவில்லை என்றும், அது திருத்தப்பட்டுவிட்டது என்றும் ஒரே மூச்சில் அறிவித்தார்கள். எட்டு வைத்தியர்களும் 'நோ: ஒரு பண்பாட்டு அறிமுகம்' என்ற கணினிப் பாடத்தைப் படித்துத் தேறியிருந்தார்கள். தேறாவிட்டால் விழாவில் சாப்பாடு இல்லை என்று மடாம் றோசலின் சொல்லியிருந்தாராம்.

மகேந்திரராசா அதே வெள்ளைச் சட்டையோடு போனார். இவ்வளவுக்குப் பிறகாவது ஒருவர் தன்னைக் குடும்ப வைத்தியராக ஏற்றுக்கொள்ளமாட்டாரா என்ற நப்பாசை. வாசலில் போலியூவிடம் கேட்டும் பார்த்தார். "நான் நோயாளிகளைப் பார்ப்பதில்லை, மிஸ்யூ. கல்வித்துறையில் இருக்கிறேன்" என்று அவர் தோளில் தட்டப்போய், நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டார். இன்னொரு துணிப்பை தந்தார்.

மேடையில் அவரை நடுவில் இருத்தினார்கள். தொரொன்டோவிலிருந்து விருந்தினர் வந்திருந்ததால் அன்று எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. போலியூ ஒலிவாங்கியை நீட்டினார்.

"மிஸ்டர் மகேந்திரராசா, எங்கள் பணியில் உங்களுக்குத் திருப்திதானே?"

மகேந்திரராசா மடியிலிருந்த பையைப் பார்த்தார். எட்டு முகங்களையும் பார்த்தார்.

"நோ," என்றார்.

எட்டு வைத்தியர்களும் துள்ளி எழுந்தார்கள். ஒருவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஒருவர் நாக்கை நீட்டச் சொன்னார். இன்னொருவர் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினார். போலியூ கையைக் கொண்டுபோய் நெஞ்சில் வைத்தார், வலப்பக்கத்தில்.

முன்வரிசையில் ஜெகதீஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிள்ளையாரே, கடைசியில தொட்டுப் பாக்கினம்!"

"நோ! நோ!" என்று கத்திக்கொண்டு மகேந்திரராசா அவர்களைத் தள்ளினார். அவர்கள் இன்னும் இறுக்கிப் பிடித்தார்கள்.

அன்றைக்கு அவர் பேசியது ஆங்கிலம்.